ஸ்ரீ நம்பர்

எங்கட ஊரில ஒரு மொறிஸ் மைனர் விலைக்கு வந்திருக்கு. கல்முனை உப்புக் காத்திலயும் துருப்பிடிக்காமல் வைத்திருக்கிறார்கள். 1948இல் வந்த மொடல்; பிறகு மினியை வடிவமைத்த அலெக் இஸிகோனிஸின் கார். பார்க்கப் போன எங்களுக்கு உரிமையாளர் முதலில் காட்டியது எஞ்சினை அல்ல, சிங்கள 'ஸ்ரீ' எழுத்துள்ள இலக்கத் தகட்டை. “இதுக்குத்தான் தம்பி மவுசு.”

1957இல் புதிதாகப் பதியும் வாகனங்களுக்கு இந்த எழுத்தைக் கட்டாயமாக்கினார்கள். 1958இல் தமிழரசுக் கட்சியினர் அதன்மேல் தார் பூசினார்கள். 1956 தேர்தலில் கல்முனை தெரிவுசெய்ததும் அந்தக் கட்சியின் எம்.சி. அஹமதைத்தான். அன்றைக்கு 'தமிழ் பேசும் மக்கள்' என்றால் அதில் நாங்களும் இருந்தோம்.

இப்ப அதே எழுத்து விலையைக் கூட்டுது. பழைய காரை நேசிப்பதில் பிழையில்லை. தகட்டைத் துடைத்து மினுக்கும்போது அதன் கதையையும் சேர்த்துத் துடைத்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.