எத்தனை குதிரைகள் வேண்டும்?

சென்ற ஞாயிற்றுக்கிழமை ரேஸ் கோர்ஸ் சாலையில் வாழையிலைச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு வெளியே வந்தபோது, "ஐயா, ஒரு சந்தேகம்" என்றான் என் முன்னாள் மாணவன் ஒருவன். பள்ளியில் அவனுக்கு வல்லினம் மிகும் இடங்களில்தான் சந்தேகம் வரும். இப்போது வேலையில் சேர்ந்து ஐந்து ஆண்டுகள் ஆகிவிட்டன. அடுத்த ஆண்டு திருமணம். அதற்கு முன் தனக்கென்று ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கிவிட வேண்டும் என்பது அவன் ஆசை.

கைப்பேசியில் இரண்டு படங்களைக் காட்டினான். ஒன்று பழைய டொயோட்டா 86. 200 குதிரைத் திறன். மற்றொன்று அதைவிடப் பழைய சுஸுகி சுவிஃப்ட் ஸ்போர்ட். 125 குதிரைத் திறன். முதலாவதை வாங்கினால் சேமிப்பு கரைவதோடு பல ஆண்டுத் தவணையும் தலையில் ஏறும். இரண்டாவதை வாங்கினால் நண்பர்கள் சிரிப்பார்கள். "125 போதுமா ஐயா? ஓட்டுவதில் இன்பம் இருக்குமா?"

தமிழாசிரியரிடம் கேட்கக்கூடிய கேள்வியா இது என்று நீங்கள் எண்ணலாம். அவன் அறிந்துதான் கேட்டான். அவன் மாணவனாக இருந்த நாளில் பள்ளிக்கு நான் ஓட்டி வந்தது ஒரு சுவிஃப்ட் ஸ்போர்ட்தான். 2008-இல் வாங்கியது. 2018-இல் வாகன உரிமைச் சான்றிதழை ஐந்தாண்டுக்கு மட்டும் புதுப்பித்தேன். அவ்வாறு புதுப்பித்தால் மறுபடி நீட்டிக்க இயலாது என்பது விதி. 2023-இல் அதை ஒப்படைத்துவிட்டு எம்ஆர்டியில் வீடு திரும்பினேன்.

நாங்கள் நின்றிருந்த இடத்தையே முதலில் அவனுக்குக் காட்டினேன். ரேஸ் கோர்ஸ் சாலை என்பது வெறும் பெயரன்று. 1840-களிலிருந்து 1933 வரை குதிரைப் பந்தயத் திடல் இங்கே ஃபேரர் பார்க்கில்தான் இருந்தது. பிறகு அது புக்கிட் தீமாவுக்கும், அங்கிருந்து கிராஞ்சிக்கும் இடம்பெயர்ந்தது. 2024 அக்டோபரில் கடைசிப் பந்தயம் ஓடி முடிந்தது. சிங்கப்பூரில் பந்தயக் குதிரைகள் ஓய்ந்துவிட்டன. இயந்திரக் குதிரைகளை மட்டும் நாம் இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

நம் அரசாங்கமும் அவற்றை எண்ணுகிறது. 2014 பிப்ரவரி முதல், 1,600 சிசிக்கு மேற்படாமலும் 97 கிலோவாட், அதாவது 130 குதிரைத் திறனுக்கு மேற்படாமலும் உள்ள பெட்ரோல் வண்டிகளே 'ஏ' பிரிவில் அடங்கும். அதைத் தாண்டினால் 'பி' பிரிவு. 2023 அக்டோபரில் 'ஏ' பிரிவுச் சான்றிதழ் 1,06,000 வெள்ளிக்கும் 'பி' பிரிவுச் சான்றிதழ் 1,50,001 வெள்ளிக்கும் போனது பலருக்கு நினைவிருக்கும். சாலை வரியும் இயந்திரக் கொள்ளளவுக்கு ஏற்பக் கூடும். வண்டி பத்து வயதைக் கடந்தால் அதன்மேல் ஆண்டுக்குப் பத்து விழுக்காடாக ஐம்பது விழுக்காடு வரை மேல்வரி. ஆக, இந்த ஊரில் ஒவ்வொரு குதிரைக்கும் தீனி போட்டாக வேண்டும்.

தீனி போட்டு வளர்த்த குதிரையை ஓட்டுவது எங்கே? நம் விரைவுச்சாலைகளில் உச்ச வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர். நூறு கிலோமீட்டர் வேகத்தை எத்தனை நொடியில் எட்டும் என்று விளம்பரங்கள் பெருமையோடு சொல்லும் கணக்கை நம் சாலைகளில் யாரும் சட்டப்படி சரிபார்க்கவே முடியாது!

அடுத்தது எடை. மஸ்டா நிறுவனம் 1989-இல் எம்எக்ஸ்-5 என்னும் சிறிய திறந்த வண்டியை அறிமுகம் செய்தது. 1.6 லிட்டர் இயந்திரம். ஏறத்தாழ 115 குதிரைத் திறன்தான். ஆயினும் வண்டியின் எடை ஒரு டன்னுக்கும் குறைவு. உலகில் மிக அதிகமாக விற்ற இருவர் திறந்த ஸ்போர்ட்ஸ் கார் அந்த வரிசைதான். என் சுவிஃப்ட்டும் ஒரு டன்னைச் சற்றே தாண்டியது. டன்னுக்கு 118 குதிரை என்று கணக்கு வரும். இயந்திரத் திறன் வண்டியை முன்னே தள்ளுவதற்குத்தான் உதவும். திரும்பும்போதும் நிற்கும்போதும் அது உதவாது. அங்கே எடை குறைவாக இருப்பதுதான் உதவும். திறனைக் கூட்டினால் பெரிய பிரேக் வேண்டும், அகன்ற டயர் வேண்டும், உறுதியான சட்டகம் வேண்டும். ஒவ்வொன்றும் எடையைக் கூட்டும். மயிற்பீலியே ஆனாலும் அளவின்றி ஏற்றினால் அச்சு முறியும் என்று வள்ளுவர் சொன்ன அதிகாரத்தின் பெயர் வலியறிதல். அந்தக் குறளை அவனுக்கு நடத்தியவன் நான்தான்.

கோயம்புத்தூரின் கரிவர்தனைப் பற்றியும் சொன்னேன். பணக்காரர்களின் பொழுதுபோக்காக இருந்த கார்ப் பந்தயத்தை நடுத்தர வீட்டுப் பிள்ளைகளும் எட்டிப்பிடிக்க வேண்டும் என்பதற்காக, 1988-இல் 'ஃபார்முலா மாருதி' என்ற ஒற்றை இருக்கைப் பந்தய வண்டியை உருவாக்கியவர் அவர். அதில் வைத்த இயந்திரம் எது தெரியுமா? வீதியெங்கும் ஓடிய மாருதி 800-இன் 796 சிசி இயந்திரம்! சாதாரண மாருதி காரில் அதன் திறன் 40 குதிரைக்கும் குறைவு. அந்தச் சிறிய வண்டியில் பந்தயம் பழகியவர்களுள் ஒருவரான நரேன் கார்த்திகேயன், 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். கரிவர்தன் 1995-இல் ஒரு விமான விபத்தில் மறைந்தார். கோவையில் உள்ள பந்தயத்தளம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

"அப்படியென்றால் 86 வேண்டாம் என்கிறீர்களா?" என்றான்.

அப்படி நான் சொல்லவில்லை. 2012-இல் வந்த 86-இன் பிடிப்பைக்கூட அதன் வடிவமைப்பாளர்கள் வேண்டுமென்றே மட்டாக வைத்தார்கள். பிரியஸ் காருக்குப் போடும் டயரையே அதற்கும் போட்டார்கள். குறைந்த வேகத்திலேயே வண்டியின் எல்லையை ஓட்டுநர் உணர வேண்டும் என்பதே நோக்கம். ஆனாலும் திறன் போதவில்லை என்ற முணுமுணுப்பு ஓயவில்லை. 2021-இல் வந்த அடுத்த தலைமுறைக்கு 2.4 லிட்டர் இயந்திரம் கொடுத்தார்கள். 200 வந்தால் 235 வேண்டும் என்பது மனித மனம்.

நானும் அந்த மனத்துக்கு விலக்கானவன் அல்லேன். நால்வரை ஏற்றிக்கொண்டு மலாக்காவுக்குச் செல்லும்போது, ஒரு லாரியை முந்த மனத்துக்குள் மூன்று முறை கணக்குப் போட்டிருக்கிறேன். இன்னும் கொஞ்சம் இருந்தால் என்ன என்று அப்போது தோன்றும்.

அதுவரை எவரிடமும் சொல்லாத ஒன்றையும் அவனிடம் சொன்னேன். பல ஆண்டுகளுக்கு முன் நண்பர் ஒருவர் தம் சக்திமிக்க வண்டியை ஒரு நாள் ஓட்டிப் பார்க்கத் தந்தார். மாலை மழை. விரைவுச்சாலையில் நுழையும் வளைவில் ஆக்சிலேட்டரை அழுத்தினேன்; சிறிதளவே அழுத்தியதாக எனக்கு நினைவு. பின்சக்கரங்கள் வழுக்கின. வண்டி அரைச்சுற்றுச் சுற்றி, வந்த திசையைப் பார்த்து நின்றது. பின்னால் வந்த பேருந்து சற்றுத் தொலைவில் இருந்ததால் இன்று இதை எழுதுகிறேன். அருகில் அமர்ந்திருந்த என் மனைவி வீடு சேரும்வரை ஒரு சொல்லும் பேசவில்லை. வண்டியிடம் திறன் இருந்தது, என்னிடம் இல்லை.

நம் மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல். இயந்திரத்தின் ஆற்றலும் திறன். மனிதன் பழகிப் பெறும் தேர்ச்சியும் திறன். பேச்சுத்திறன், எழுத்துத்திறன் என்று நாள்தோறும் வகுப்பில் சொல்லிவந்த எனக்கு அன்றைக்குத்தான் அந்தச் சொல்லின் மறுபாதி உறைத்தது. 1961 முதல் 1973 வரை கிராண்ட் பிரீ பந்தயம் நடந்த பழைய அப்பர் தாம்சன் சாலை வளைவுகளில், மணிக்கு நாற்பது கிலோமீட்டரில் என் சுவிஃப்ட்டை ஓட்டியபோதெல்லாம் நான் புன்னகையோடுதான் இருந்தேன். வண்டி தரக்கூடியது அத்தனையையும் பயன்படுத்தும் அளவுக்கு எனக்குத் தெரிந்திருந்தது. இன்பத்துக்கு வேண்டிய அளவு அதுதான் என்பது என் எண்ணம். அது ஒருவருக்கு 120 ஆக இருக்கலாம். நன்கு பழகியவருக்கு 200 ஆகவும் இருக்கலாம்.

மாணவன் நெடுநேரம் பேசாமல் நடந்தான். தேக்கா சந்தையருகே பிரியும்போது, "யோசிக்கிறேன் ஐயா" என்றான்.

நேற்றிரவு குறுஞ்செய்தி வந்தது. வரும் சனிக்கிழமை இரண்டு வண்டிகளையும் ஓட்டிப் பார்க்கப் போகிறானாம்; மணப்பெண்ணும் வருகிறாளாம்; நானும் வர வேண்டுமாம். அவன் எதை வாங்குவான் என்று எனக்குத் தெரியாது. அந்தப் பெண்ணின் முகத்தையும் பார்த்துவிட்டு முடிவு செய் என்று மட்டும் பதில் அனுப்பினேன். சனிக்கிழமை பிற்பகல் வகுப்பை வேறு நாளுக்கு மாற்றிவிட்டேன். மழை வராமல் இருக்க வேண்டும்.