பிழையைச் சொல்லவும் ஒரு கட்டளை
லினக்ஸில் கறுப்புத் திரையில் கட்டளை தட்டி வேலை செய்யும் நம்மில் பலருக்கும் பாஷ் ஷெல்தான் அன்றாடம். அதோடு 'பாஷ்பக்' என்று ஒரு சின்னக் கட்டளையும் வருகிறது. தட்டினால் பிழையைத் தெரிவிக்க ஒரு கடித வார்ப்பு திறக்கும். உங்கள் பாஷ் எந்தப் பதிப்பு, எந்தக் கணினி, எப்படிக் கம்பைல் செய்தது எல்லாம் அதுவே நிரப்பிவிடும். நீங்கள் எழுத வேண்டியது, என்ன நடந்தது, அதை மறுபடி வரவழைப்பது எப்படி, தெரிந்தால் தீர்வு. தீர்வு தெரியாவிட்டால் அந்தப் பகுதியை விட்டுவிடுங்கள் என்று வார்ப்பே சொல்கிறது. எனக்கு மிகவும் பிடித்த வரி அது.

மூன்றில் உயிர்நாடி இரண்டாவதுதான். 'ஸ்கிரிப்ட் ஓடவில்லை' என்று எழுதினால் யாராலும் எதுவும் செய்ய முடியாது. நூறு வரி ஸ்கிரிப்டை வெட்டி வெட்டி, பிழை இன்னும் வருகிற மூன்று வரியாக்கி அனுப்பினால் பாதி வேலை முடிந்தது.

அப்படிச் சுருக்கமாகக் காட்ட முடிந்த பிழைக்கு ஓர் உதாரணம்: 2014 செப்டம்பரில் ஸ்டெஃபான் ஷாசெலா கண்டுபிடித்த ஷெல்ஷாக் என்ற பாதுகாப்பு ஓட்டை 1989 முதல் பாஷில் இருந்தது. சூழல் மாறி ஒன்றில் ஃபங்ஷனுக்குப் பின்னால் ஒட்டிவைத்த கட்டளையையும் அப்போதைய பாஷ் சேர்த்து ஓட்டிவிட்டது. சோதிக்க ஒரே வரி போதுமாக இருந்தது. அவர் அதை முதலில் பாஷைப் பராமரிக்கும் செட் ரேமிக்குத் தனியாகத்தான் தெரிவித்தார். பாதுகாப்பு ஓட்டைக்கு அதுவே சரியான முறை.

புது வசதி கேட்பவர்களும் எழுதலாம், கையேடே அழைக்கிறது. அடுத்த முறை பாஷ் விசித்திரமாக நடந்தால் புலம்பிவிட்டுப் போகாதீர்கள். புதிய பதிப்பிலும் வருகிறதா என்று பார்த்துவிட்டு, அந்த மூன்று வரியை அனுப்புங்கள்.