பாறையும் மணலும்

தருமபுரி மாவட்டத்தில் நம் பங்கைச் சேர்ந்த கிளைக் கிராமம் ஒன்றின் மக்கள், தங்களுக்குச் சிற்றாலயம் வேண்டுமென்று சென்ற ஆண்டு நம்மிடம் விண்ணப்பித்தனர். கையோடு ஒரு வரைபடத்தையும் கொணர்ந்திருந்தனர்: கான்கிரீட் தூண்கள், கான்கிரீட் கூரை, முகப்பு முழுவதும் கண்ணாடி. அதனைக் கண்ட நமக்கு மகிழ்ச்சியினும் வெட்கமே மிகுந்தது. காரணத்தை வாசகர்களிடம் மறைக்க விரும்பவில்லை.

குருத்துவ வாழ்வின் தொடக்க ஆண்டுகளில் நாம் பொறுப்பேற்ற பங்கில் பழைய பங்கு இல்லம் ஒன்று இருந்தது. கருங்கல் அடித்தளம், இரண்டடிக் கனமுள்ள சுவர், நாட்டு ஓட்டுக் கூரை. கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரில் சுண்ணாம்பை அரைத்துக் கட்டியது என்பர் ஊர் முதியோர். சித்திரை வெயிலிலும் உள்ளே குளிர்ச்சி நிலவும். ஓடுகள் சில உடைந்து ஒழுகின, அவ்வளவே குறை. பழுது பார்த்திருக்கலாம். ஆயினும் வளர்ச்சி என்னும் சொல் நம்மை மயக்கிற்று. இடித்துவிட்டுக் கான்கிரீட் இல்லம் எழுப்பினோம். திறப்பு விழாவில் பொன்னாடையும் பெற்றுக்கொண்டோம்.

பதினைந்து ஆண்டுகளுக்குப்பின் அங்கே சென்றபொழுது, நாம் உறங்கிய அறையின் மேற்கூரையில் காரை பெயர்ந்து துருப்பிடித்த கம்பிகள் தெரிந்தன. அன்று இடிப்பு வேலையில் இருந்த மேஸ்திரி அருகில் நின்றார். "பழைய சுவத்தை இடிக்கக் கடப்பாரை வளைஞ்சுது சாமி. இது தானா உதிருது" என்றார். அவர் குற்றஞ்சாட்டவில்லை. ஆனால் அச்சொல் இன்றும் நம் நெஞ்சில் தைத்திருக்கின்றது.

கம்பிவரை நீரும் காற்றும் புகுந்தால் துரு உண்டாகும். துரு இரும்பைவிடப் பருமனானது. ஆகவே உள்ளிருந்தே கான்கிரீட்டைப் பிளக்கும். இது கட்டியவர் கவனக்குறைவின் விளைவு எனலாம். ஆனால் நன்றாகக் கட்டினாலும் சிமெண்டிற்கு ஒரு விலை உண்டு. சுண்ணாம்புக்கல்லை ஏறத்தாழ 1450 பாகை வெப்பத்தில் சுட்டே அதனை ஆக்குகின்றனர். எரிபொருளின் புகையினும் மிகுதியான கரியமிலவாயு அக்கல்லிலிருந்தே வெளியேறுகின்றது. உலகம் வெளியிடும் கரியமிலவாயுவில் நூற்றுக்கு ஏழெட்டுப் பங்கு சிமெண்டினால் விளைவது. பழைய சுண்ணாம்புக் காரையோ, இதனினும் குறைந்த வெப்பத்தில் ஆக்கப்பட்டு, இறுகும்பொழுது தான் விட்ட வாயுவில் பெரும்பகுதியைக் காற்றிலிருந்து மீண்டும் ஈர்த்துக்கொள்வது.

மணலின் கதை இன்னும் துயரமானது. உலகம் ஆண்டுதோறும் 5,000 கோடி டன் மணலும் சரளையும் பயன்படுத்துவதாக ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் அமைப்பு 2022-இல் அறிவித்தது. நம் ஆறுகளை அள்ளியபின், இப்பொழுது குன்றுகளை உடைத்து அரைத்து எம்-சாண்ட் என்று விற்கின்றோம். பாறைமேல் வீடு கட்டிய அறிவாளியையும் மணல்மேல் கட்டிய அறிவிலியையும் பற்றி நாம் எத்தனை மறையுரைகள் ஆற்றியிருப்போம்! அப்பாறையையே மணலாக்கிக் கட்டுகிறவனை எவ்வரிசையில் சேர்ப்பது?

நீரையும் எண்ண வேண்டும். புதிய கான்கிரீட்டைக் குறைந்தது ஒரு வாரம் நனைத்திருக்க வேண்டும். புளோரைடு கலந்த நிலத்தடி நீரால் பற்களும் எலும்புகளும் பழுதுற்ற மாவட்டம் இது. 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வரும்வரை நல்ல நீருக்குத் தவித்த ஊர்கள் எத்தனை!

இவற்றையெல்லாம் அம்மக்களிடம் எடுத்துரைத்து, மண்ணாலேயே ஆலயம் கட்டலாம் என்றோம். கூட்டத்தில் மூதாட்டி ஒருவர் எழுந்தார். "மண்ணு வீட்டுல மழைக்குச் சுவரு இடிஞ்சு என் ஆட்டுக்குட்டி செத்துது. நாங்க மட்டும் எப்பவும் மண்ணுலயே இருக்கணுமா சாமி?" என்றார்.

நாம் வாயடைத்துப் போனோம். ஏழைக்குக் கான்கிரீட் கூரை என்பது மானத்தின் அடையாளம். குடிசைகளை மாற்ற அரசு 2010-இல் வீட்டுத் திட்டம் கொணர்ந்தபொழுது எத்தனை முகங்கள் மலர்ந்தன! கான்கிரீட் இல்லத்தில் உறங்கியெழும் குருவானவர் அவர்களுக்கு எளிமையைப் போதிப்பது நியாயமாகுமா?

ஆகவே சான்றோரின் வழியை நாடினோம். இங்கிலாந்தில் பிறந்து கேரளத்தில் வாழ்ந்து 2007-இல் மறைந்த லாரி பேக்கர், திருவனந்தபுரத்தில் இயேசு சபையாரின் லயோலா சிற்றாலயத்தைச் செங்கல்லாலேயே எழிலுற அமைத்தவர். எலிப்பொறி போல நடுவில் வெற்றிடம் விட்டு அடுக்கும் அவருடைய சுவரில் நான்கில் ஒரு பங்கு செங்கல் மிஞ்சும். அவ்வெற்றிடம் வெப்பத்தையும் தடுக்கும். கூரைக் கான்கிரீட்டின் அடிப்பகுதியில் பழைய ஓடுகளைப் பதித்துச் சிமெண்டையும் குறைத்தார். ஆரோவில்லிலோ மண்ணுடன் நூற்றுக்கு ஐந்து பங்களவு சிமெண்ட் சேர்த்து, பொறியில் அழுத்திக் கல்லாக்குகின்றனர், சூளை வேண்டுவதில்லை.

நீண்ட உரையாடலுக்குப்பின் பங்குப் பேரவை முடிவெடுத்தது: அடித்தளத்திற்கு வயல்களில் ஒதுங்கிக் கிடக்கும் கருங்கல், சுவருக்கு அழுத்திய செம்மண் கல், சுவரை மழை தீண்டாதபடி அகன்ற இறவாரம், கூரைக்கு ஓடு பதித்த கான்கிரீட். சிமெண்டை முற்றிலும் விலக்கவில்லை. தேவையான இடத்தில், தேவையான அளவு.

சுவர்கள் இப்பொழுது இடுப்பளவு எழுந்துள்ளன. ஞாயிறு திருப்பலி முடிந்ததும் அம்மூதாட்டி வந்து சுவரை நகத்தால் கீறிப் பார்க்கிறார். இதுவரை ஒன்றும் உதிரவில்லை. இரண்டு மழைக்காலம் கடக்கட்டும் என்கிறார். அவர் கேட்பது நியாயம். நாமும் காத்திருக்கின்றோம்.