மைத்துனர் விட்டுச் சென்ற வண்டி

ரயில்வே குமாஸ்தாவுக்கும் ஸ்போர்ட்ஸ் காருக்கும் என்ன சம்பந்தம் என்று அன்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வியே. பத்தாம் வகுப்புப் படிப்புடன் கடைநிலைப் பணியில் சேர்ந்து, துறைத் தேர்வெழுதிக் குமாஸ்தாவான நமக்குச் சொந்தமாயிருப்பது ஒரு சைக்கிள்தான். ஆயினும் 2024ஆம் ஆண்டுக் கோடையில், நம் மைத்துனர் அலுவல் நிமித்தம் ஆறு வாரம் ஜெர்மனிக்குப் புறப்பட்டபோது, தமது சிவப்பு நிற சான் ஸ்டார்ம் வண்டியைத் தில்லியில் நாம் வசிக்கும் ரயில்வே குடியிருப்பில் விட்டுச் சென்றார். கோவாவில் செய்யப்பட்டது, இருவர் மட்டுமே அமரலாம், உடல் கண்ணாடியிழை, கூரை துணி. “ஓட்டவெல்லாம் வேண்டாம் அத்தான், தூசி படியாமல் பார்த்துக்கொண்டால் போதும்” என்றார். தில்லியில், அதுவும் மே மாதத்தில்!

மூன்றாம் நாளே ஆந்தி அடித்தது. விடிந்து பார்த்தால் சிவப்பு வண்டி காவி நிறமாகியிருந்தது. அலுவலக அவசரத்தில், உலர்ந்த பழந்துணி ஒன்றால் பானெட்டை அழுத்தித் துடைத்துவிட்டுப் புறப்பட்டோம். மனத்துக்குத் திருப்தியாகவும் இருந்தது. அன்று முதல் வண்டியைக் கவனிக்குமாறு, குடியிருப்பில் கார் கழுவும் பையனிடம் இருநூறு ரூபாய்க்குப் பேசி வைத்தோம்.

ஒரு வாரம் கழித்துச் சாய்வெயிலில் கண்டோம்: பானெட் முழுவதும் சிலந்தி வலை போன்ற மெல்லிய கீறல்கள்! பத்து வண்டிக்கு ஒரே வாளி, ஒரே துணி என்று அவன் வேலை செய்வதைப் பார்த்திருக்கிறோம். வேறு யோசனையே எழவில்லை. நாலு பேர் முன்னிலையில் அவனைக் கடிந்து, பேசிய பணத்தையும் தர மறுத்தோம். “பாபுஜி, சக்கரத்தை மட்டுமே கழுவினேன். மேலே தொட பயமாக இருந்தது” என்றான். நாம் நம்பவில்லை.

அன்றிரவு, ரயில் பெட்டிகளுக்கு வர்ணம் பூசும் பணியிலுள்ள அண்டை வீட்டு நண்பர் டார்ச் விளக்கை அடித்துப் பார்த்தார். “கீறல் பானெட்டில் மட்டுந்தானே இருக்கிறது? காய்ந்த துணியால் இதைத் தேய்த்தது யார்?” என்றார். இல்லாள் நம் முகத்தையே பார்த்தாள்.

காற்றில் வரும் தூசியில் நுண்மணல் உண்டாம். உலர்ந்த துணி பட்டால் அது உப்புத்தாளாகிவிடுமாம். அழுக்கு வண்டியின்மேல் உறை போட்டாலும், காற்றில் உறை அசைந்து அதே வேலையைச் செய்துவிடும் என்றார்.

மறுநாள் வெயில் ஏறுமுன் பையனைத் தேடிச் சென்று பணத்தைக் கொடுத்தோம். தவறு நம்முடையது என்று, முந்தைய நாள் நின்றிருந்த அதே நாலு பேர் காதிலும் விழுமாறு சொன்னோம். பணத்தை எண்ணிப் பார்த்துக்கொண்டான், பேசவில்லை. ஆனால் கழுவ வந்தான்.

நண்பர் அருகில் நின்று சொல்லிக் கொடுத்தார். குவளையால் மேலிருந்து மெல்ல நீர் விட்டு முதலில் மண்ணை இறக்கினோம். பிறகு இரண்டு வாளிகள்: ஒன்றில் வண்டி கழுவும் ஷாம்பூ, மற்றொன்றில் வெறும் நீர். மைக்ரோஃபைபர் துணியை ஒவ்வொரு தடவையும் வெறும் நீரில் அலசிய பின்னரே ஷாம்பூவில் நனைத்தோம். இறுதியில் அந்த வாளியின் அடியில் தங்கியிருந்த மணலைக் கண்டபோதுதான் நாம் செய்த காரியத்தின் அளவு விளங்கிற்று. பாத்திரம் துலக்கும் திரவத்துடன் வந்த இல்லாளை, அது மெழுகுப் பூச்சையும் எடுத்துவிடும் என்று நண்பர் திருப்பி அனுப்பினார். துணிக்கூரைக்கு மென்மையான தூரிகை. சக்கரங்களுக்குக் கடைசியில் வேறு துணி. ஆழ்குழாய் நீர் வெயிலில் காய்ந்தால் வெண்புள்ளி படியுமாகையால், நிழலிலேயே ஒற்றி உலர்த்தினோம்.

அம்மாதக் கடைசியில் தண்ணீர்த் தட்டுப்பாடு முற்றி, குழாய் வைத்து வண்டி கழுவினால் 2,000 ரூபாய் அபராதம் என்று தில்லி அரசு அறிவித்தது. நம் வேலை மூன்று வாளியில் முடிந்துவிடும். ஆயினும் தண்ணீர் லாரிக்குக் குடத்துடன் பலர் நிற்கையில், அந்த மூன்று வாளியும் கனத்தது. வாரம் ஒரு முறை என்பதை இரு வாரமாக்கினோம்.

மைத்துனர் திரும்பியதும் நடந்ததைச் சொன்னோம். பாலிஷ் போட்டதில் பெரும்பாலான கீறல்கள் மறைந்தன. இடப்பக்க விளக்கருகே சில இன்னும் இருக்கின்றன. அந்தப் பையன் இப்போது இரண்டு வாளிகளுடன் வருகிறான். நம்மைக் கண்டால் வணக்கம் சொல்கிறான். முன்போல் நின்று பேசுவதில்லை.