சைக்கிளுக்கு ஒரு லைட்

(எழுதியவர்: 9-ஆம் வகுப்பு மாணவி)



இந்த மாதச் சுவர் இதழுக்குக் கட்டுரை கேட்டதும் பாதிப் பேர் மழையைப் பற்றி எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மீதிப் பேர் அம்மாவைப் பற்றி. எனக்குக் கவிதை வராது. அதனால் நான் சைக்கிள் லைட்டைப் பற்றி எழுதுகிறேன். சிரிக்காதீர்கள்! போன திங்கட்கிழமை நம் பள்ளி சைக்கிள் ஸ்டாண்டில் எண்ணிப் பார்த்தேன். 61 சைக்கிள் நின்றது. லைட் இருந்தது நாலே நாலில்தான். அதில் ஒன்று என்னுடையது. இன்னொன்று வாட்ச்மேன் தாத்தாவுடையது. அது எரியாது.

ஏன் லைட் என்று கேட்பீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கம் 6 மணிக்கு முன்னாடியே சூரியன் இறங்கிவிடும். அடுத்த அரை மணி நேரத்தில் கும்மிருட்டு. நமக்கு மாலைச் சிறப்பு வகுப்பு முடிவதே 6 மணி. என் ஊருக்கு 4 கிலோமீட்டர். அதில் குளத்தங்கரை ரோடு ஒன்றரை கிலோமீட்டர், ஒரு தெருவிளக்கு கிடையாது. பிசான நடவு நேரம் என்பதால் டிராக்டர் டிரெய்லர் வேறு பின்னால் ஒரு சிவப்பு விளக்கும் இல்லாமல் நிற்கும். எருமை மாடு நிற்கும். அதுவும் கறுப்பு, ரோடும் கறுப்பு.

ஐப்பசியில் பக்கத்து ஊர் கொத்தனார் ஒருத்தர் வேலை முடிந்து சைக்கிளில் வரும்போது பின்னால் வந்த பைக் இடித்துக் கால் முறிந்துவிட்டது. பைக் ஓட்டியவர் சொன்னது, "ஆள் போறதே தெரியலையே" என்பதுதான். அவ்வளவுதான், மறுநாளே எங்கள் தெருவில் தீர்ப்பு வந்துவிட்டது. "ஏட்டி, இனிமே ஸ்பெஷல் கிளாஸும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். நாலரைக்கு மணி அடிச்சதும் வீட்டுக்கு வா." எங்கள் தெருவிலிருந்து வரும் 3 பெண்களுக்கும் இதே தீர்ப்பு. அதே ரோட்டில் வருகிற பையன்களுக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பையன்கள் மீது பைக் இடிக்காதா, நீங்களே சொல்லுங்கள்! கணக்கு நடத்துவதே அந்த மாலை வகுப்பில்தான். அதை விட்டால் இயற்கணிதத்தில் நான் என்ன செய்வேன்?

அழுது பிரயோஜனம் இல்லை என்று எனக்குத் தெரியும். "லைட் போட்டா போகலாமா?" என்று கேட்டேன். அம்மா யோசித்து, "முதல்ல மாட்டு. தூரத்துல இருந்து எனக்குத் தெரியுதான்னு பார்க்கிறேன். அப்புறம் சொல்றேன்" என்றாங்க. பாட்டி தீபாவளிக்குக் கொடுத்தது, பழைய சில்லறை எல்லாம் சேர்த்து என் உண்டியலில் 360 ரூபாய் இருந்தது.

முதலில் தாத்தாவின் பழைய சைக்கிளில் இருக்கும் டைனமோவைத்தான் பார்த்தேன். தாத்தா காலத்தில் இருட்டில் லைட் இல்லாமல் போனால் போலீஸ்காரர் பிடித்து டயரில் காற்றைப் பிடுங்கி விடுவாராம். அதனால் எல்லார் சைக்கிளிலும் டைனமோ இருக்குமாம். சின்ன பாட்டில் மாதிரி இருக்கும். அதன் தலையில் உள்ள உருளை டயரில் உரசிச் சுற்றும். உள்ளே காந்தம் சுற்றும், சுற்றிலும் கம்பிச் சுருள். அறிவியல் பாடத்தில் படித்தோமே, ஃபாரடே 1831-ல் கண்டுபிடித்த மின்காந்தத் தூண்டல், அதேதான். தாத்தாவின் டைனமோவில் 6 வோல்ட் 3 வாட் என்று பொறித்திருக்கிறது. இன்னொரு அதிசயம், அதற்கு ஒரே ஒரு ஒயர்தான். திரும்பி வருகிற மின்சாரம் சைக்கிளின் இரும்புச் சட்டம் வழியாகவே வந்துவிடும். அதனால் டைனமோவை மாட்டும் ஸ்குரூ பெயிண்டைச் சுரண்டிக்கொண்டு இரும்பைத் தொட வேண்டும். இல்லையென்றால் எரியாது.

ஆனால் டைனமோ போட்டால் மிதிக்கக் கனமாக இருக்கும். மழையில் டயர் நனைந்தால் உருளை வழுக்கும். சைக்கிள் நின்றால் லைட்டும் நின்றுவிடும். குளத்தங்கரை திருப்பத்தில் லாரிக்கு வழிவிட்டு ஓரமாக நிற்கும்போதுதானே நமக்கு வெளிச்சம் வேண்டும்! "டைனமோவில் எல்.இ.டி. பல்பு போடலாமா?" என்று சைக்கிள் கடை அண்ணாச்சியிடம் கேட்டேன். டைனமோவில் வருவது மாறுதிசை மின்னோட்டம், எல்.இ.டி. ஒரு திசையில் மட்டும்தான் எரியும், நடுவில் 4 டயோடு வைத்துக் கட்ட வேண்டும் என்றார். பெரிய லீவில் சொல்லித் தருகிறேன் என்றும் சொல்லியிருக்கிறார்.

அண்ணாச்சி கடையில் 5 விதமான லைட் இருந்தது. அட்டையில் போட்டிருப்பதைப் படித்தால் எல்லாமே சூரியன் மாதிரி எரியுமாம். நான் அதை நம்பவில்லை. கடைக்குள் இருட்டாக இருக்கும் மூலையில் ஒவ்வொன்றையும் எரித்துப் பார்த்தேன். சிலது நடுவில் கண்ணைக் குத்தும், சுற்றிலும் ஒன்றும் தெரியாது. எனக்கு வேண்டியது கொஞ்சம் அகலமாக விழுகிற வெளிச்சம், ஏனென்றால் ரோட்டின் இடது ஓரம்தான் பள்ளம். யு.எஸ்.பி.யில் சார்ஜ் போடுகிற முன் லைட் ஒன்றை எடுத்தேன், 180 ரூபாய். ஒரு தடவை சார்ஜ் போட்டால் 4 மணி நேரம் எரிகிறது. எனக்கு ஒரு நாளைக்கு 20 நிமிஷம்தான், ஆகவே வாரம் 5 நாளைக்கு 100 நிமிஷம். ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் செல்போன் சார்ஜரில் ஒரு முறை போட்டால் போதும். கரண்ட் போனாலும் கவலையில்லை.

இந்த வெள்ளை எல்.இ.டி. பற்றி ஒரு சங்கதி. அணைந்திருக்கும்போது உள்ளே பாருங்கள், மஞ்சளாகத் தெரியும். உண்மையில் உள்ளே எரிவது நீல ஒளி. அதன் மேல் இருக்கும் மஞ்சள் பூச்சில் பட்டு இரண்டும் கலந்துதான் நம் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது. சிவப்பும் பச்சையும் முன்பே வந்துவிட்டன. பிரகாசமான நீலம்தான் ரொம்ப நாள் யாருக்கும் வரவில்லை. அதைச் செய்து காட்டிய அகாசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014-ல் இயற்பியல் நோபல் பரிசு கொடுத்தார்கள். அந்த நோபல் பரிசுதான் இப்போது 180 ரூபாய்க்கு என் சைக்கிளில் இருக்கிறது!

பின் லைட் 70 ரூபாய். சிவப்பு. டி.வி. ரிமோட்டுக்குப் போடுகிற சின்ன செல் 2 போட வேண்டும். முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு, இதை மாற்றவே கூடாது. சிவப்பைப் பார்த்தால் வண்டி நம்மை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறது என்றும் வெள்ளையைப் பார்த்தால் எதிரே வருகிறது என்றும்தான் டிரைவர்கள் புரிந்துகொள்வார்கள்.

வாங்கியது சுலபம். மாட்டியதுதான் பெரிய கதை. லைட்டோடு வரும் கிளாம்ப் ஹேண்டில் பாரில் மாட்டுவதற்காகச் செய்தது. ஆனால் நம் லேடீஸ் சைக்கிளில் ஹேண்டிலுக்கு முன்னால் கூடை இருக்கிறதே! கூடையில் புத்தகப் பை, பை மேலே சாப்பாட்டுத் தூக்கு. ஹேண்டிலில் லைட் போட்டால் வெளிச்சம் முழுவதும் தூக்குச் சட்டிக்குத்தான். ரோட்டுக்கு ஒன்றும் வராது. கூடையின் முன் கம்பியில் கட்டலாம் என்றால் கூடை ஆடும்போது வெளிச்சமும் ஆடும். தலை சுற்றிவிடும்.

அண்ணாச்சி ஒரு வழி சொன்னார். முன் மட்கார்டு மாட்டியிருக்கும் ஃபோர்க் போல்ட்டில் ஒரு இரும்புப் பட்டையை வளைத்து வைத்து, அதில் உடைந்த ஹேண்டில் பார் துண்டு 4 அங்குலம் வெட்டிப் பொருத்தினார். இப்போது கிளாம்ப் மாட்ட ஒரு குழாய் கிடைத்துவிட்டது, கூடைக்குக் கீழே! கிளாம்ப் வழுக்கிச் சுற்றாமல் இருக்க பழைய டியூபில் ஒரு துண்டு வெட்டிச் சுற்றினோம். இது எல்லாரும் செய்ய வேண்டும். ரப்பர் இல்லாமல் எவ்வளவு முறுக்கினாலும் 2 நாளில் லைட் தலை குனிந்துவிடும். கூலி 30 ரூபாய். லைட் கீழே இருப்பதில் ஒரு லாபமும் உண்டு. பள்ளத்தின் நிழல் நீளமாக விழுவதால் பள்ளம் முன்கூட்டியே தெரிகிறது. யு.எஸ்.பி. ஓட்டை கீழ்ப்பக்கம் பார்த்து இருக்கும்படி மாட்டினேன், மழைத் தண்ணீர் இறங்காது.

அடுத்தது எவ்வளவு சாய்க்க வேண்டும் என்பது. இதற்குக் கணக்கு இருக்கிறது. என் லைட் தரையிலிருந்து 70 செ.மீ. உயரம். சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி சைக்கிளை நிறுத்தி, சுவரில் 35 செ.மீ. உயரத்தில் சாக்பீஸால் கோடு போட்டேன். வெளிச்சத்தின் நடு அந்தக் கோட்டில் விழும்படி சாய்த்தேன். 5 மீட்டரில் பாதி உயரம் இறங்கினால் 10 மீட்டரில் தரையைத் தொடும், முக்கோணம் போட்டுப் பாருங்கள். நான் மணிக்கு 12 கி.மீ. வேகத்தில் போகிறேன். 12,000 மீட்டரை 3,600 நொடியால் வகுத்தால் நொடிக்கு 3.33 மீட்டர். ஆக 10 மீட்டர் என்றால் 3 நொடி. எருமையைப் பார்த்து பிரேக் பிடிக்க 3 நொடி போதும். இதைவிட மேலே தூக்கி வைத்தால் எதிரே வருகிறவர் கண் கூசும். நமக்கு பைக்காரர்கள் ஹை பீம் போட்டால் எவ்வளவு எரிச்சல் வருகிறது? அதையே நாம் நடந்து வருகிற பாட்டிக்குச் செய்யக்கூடாது.

பின் லைட்டை சீட்டுக்குக் கீழே மாட்டச் சொல்லி அட்டையில் படம் போட்டிருக்கிறது. படம் போட்டவர்கள் பாவாடையோ சுடிதார் துப்பட்டாவோ போட்டு சைக்கிள் ஓட்டியதில்லை என்று நினைக்கிறேன். துப்பட்டா மறைக்காவிட்டாலும் கேரியரில் உட்காரும் தம்பி மறைப்பான். ஆகையால் கேரியரின் கடைசிக் கம்பிக்கும் கீழே, மட்கார்டில் சிவப்பு ரிஃப்ளெக்டருக்கு மேலே போல்ட் போட்டு முடுக்கிவிட்டோம். முன் லைட்டைக் கழற்றி வகுப்புக்கு எடுத்து வந்துவிடுவேன், பின் லைட்டை யாரும் ஸ்பானர் இல்லாமல் எடுக்க முடியாது.

ரிஃப்ளெக்டரைக் கழற்றிப் போடாதீர்கள். அது வெறும் பிளாஸ்டிக் இல்லை. உள்ளே குட்டிக் குட்டியாக மூன்று மூன்று பரப்புகள் செங்குத்தாகச் சேர்ந்திருக்கும். எந்தப் பக்கமிருந்து வெளிச்சம் வந்தாலும் வந்த பக்கமே திருப்பி அனுப்பும். 1969-ல் அப்போலோ 11 நிலவில் இதே மாதிரி எதிரொளிப்பான்களை வைத்துவிட்டு வந்தது. 2023-ல் நம் சந்திரயான்-3 இறக்கிய விக்ரமிலும் நாசாவின் சின்ன எதிரொளிப்பான் ஒன்று இருக்கிறது. ஆனால் ரிஃப்ளெக்டருக்குச் சொந்த வெளிச்சம் இல்லை. பின்னால் வருகிற வண்டியில் ஹெட்லைட் சரியாக எரிந்தால்தான் அது மின்னும்.

லைட்டில் மினுக்கி மினுக்கி எரிகிற முறையும் உண்டு. தம்பிக்கு அதுதான் பிடிக்கிறது, திருவிழா மாதிரி இருக்கிறதாம். நான் நிலையாகத்தான் எரிய விடுகிறேன். மினுக்கினால் சீக்கிரம் கண்ணில் படும், சரிதான். ஆனால் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணிப்பது கஷ்டம். ஜெர்மனியில் சைக்கிளுக்கு மினுக்கும் லைட் போடவே சட்டம் அனுமதிப்பதில்லை.

எல்லாம் மாட்டி முடித்த அன்று இரவு அம்மா குளத்து மதகில் வந்து நின்றாங்க. நான் கரண்ட் கம்பங்களை அடையாளமாக வைத்துக்கொண்டேன். சக்கரத்தில் நூல் கட்டி எத்தனை சுற்று என்று எண்ணியதில் ஒரு கம்பத்துக்கும் அடுத்த கம்பத்துக்கும் 22 சுற்று. என் 26 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றுக்குச் சுமார் 207 செ.மீ. போகும், ஆகவே ஒரு கம்ப தூரம் 45 மீட்டர். லைட் இல்லாமல் வந்தபோது ஒரு கம்பம்கூட இல்லை, கிட்டே வந்த பிறகுதான் அம்மாவுக்கு என்னைத் தெரிந்தது. பின் லைட்டைப் போட்டுக்கொண்டு மதகிலிருந்து போனேன். 8-வது கம்பத்தில் திருப்பம். அதுவரை தெரிந்தது என்றாங்க. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அம்மா ஒன்றும் பேசவில்லை. சாப்பிடும்போது, "ஆறு மணி கிளாஸ்னா ஆறரைக்குள்ள மதகு தாண்டணும். நான் நிப்பேன்" என்றாங்க.

மிச்சம் 80 ரூபாயில் இன்னொரு பின் லைட் வாங்கினேன், அப்பாவுக்கு. அப்பா காலை நாலரை மணிக்குப் பால் சொசைட்டிக்குப் போவாங்க. "இருபது வருஷமா ஓட்டுற ரோடு, கண்ணை மூடிட்டுப் போவேன். எனக்கு எதுக்கு லைட்டு?" என்று கேட்டாங்க. "நீங்க ரோட்டைப் பார்க்கிறதுக்கு இல்லப்பா, லாரிக்காரர் உங்களைப் பார்க்கிறதுக்கு" என்றேன். இரண்டு பக்கமும் பால் கேன் தொங்குவதால் மட்கார்டின் அடி நுனியில் மாட்டியிருக்கிறோம். அங்கே சகதி அடிக்கும், தினமும் துடைப்பது என் வேலை.

என்னோடு வந்த மற்ற இருவருக்கும் இன்னும் அனுமதி கிடைக்கவில்லை. அதில் ஒருத்தி ஓட்டுவது அவள் அக்காவுக்கு 11-ஆம் வகுப்பில் அரசு கொடுத்த சைக்கிள். அதிலும் கூடைதான் பிரச்சினை. வரும் சனிக்கிழமை அவளை அண்ணாச்சி கடைக்குக் கூட்டிப் போகிறேன். ஹேண்டில் பார் துண்டில் இன்னும் ஒரு முழம் மிச்சம் இருக்கிறது, வேறு யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அவள் அம்மாவும் மதகுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.