நாற்காலியின் விலை

இலக்கண வகுப்பில் காரணப்பெயருக்கு எடுத்துக்காட்டுக் கேட்டால் மாணவர் பலரும் முதலில் சொல்வது ‘நாற்காலி’ என்பதே. நான்கு கால்களை உடையதால் நாற்காலி. “அப்படியானால் பசுவுக்கும் நான்கு கால்கள் உண்டே, அதனை ஏன் நாற்காலி என்பதில்லை?” என்று ஆசிரியர் மடக்குவார். காரணம் பற்றிப் பிறந்த பெயரே ஆயினும், வழக்கு அதனை ஒரு பொருளுக்கே உரிமையாக்கிவிட்டது என்பது விடை.

இன்றைய அலுவலகங்களில் போய்ப் பாருங்கள். அங்குள்ள நாற்காலிக்கு நான்கு கால்கள் இல்லை. நடுவில் ஒரு தண்டும், அதன் அடியில் விண்மீன்போல் விரிந்த ஐந்து கைகளும், அவற்றின் நுனியில் உருளைகளும் இருக்கின்றன. சுழன்றும் சாய்ந்தும் இயங்கும் இருக்கை நான்கு முனைகளில் நிற்பதைவிட ஐந்து முனைகளில் நின்றால் எளிதில் கவிழாது என்பதே அதற்குக் காரணம். பெயர் பழையது, பொருள் புதியது. விலையோ முற்றிலும் புதியது. ஆயிரம் ரூபாய்க்கும் நாற்காலி உண்டு. ஓர் இலட்சத்தைத் தாண்டியும் உண்டு. இத்தனை விலை கொடுப்பது தகுமா என்னும் வினா என் வீட்டிற்குள்ளேயே எழுந்தது. அதனையே இங்கு ஆராய விழைகின்றேன்.

முப்பத்தொரு ஆண்டுகள் கணக்கு எழுதும் பணியில் இருந்தவன் நான். பணியில் சேர்ந்தபோது எனக்குக் கிடைத்தது பிரம்பு பின்னிய மர நாற்காலி. புதிதாகப் பின்னிய பிரம்பில் அமர்வது சுகமானது. அடியிலிருந்து காற்று வரும். உடலின் எடைக்கேற்பச் சற்றே இசைந்து கொடுக்கும். சில ஆண்டுகளில் பிரம்பு தொய்ந்து நடுவில் பள்ளம் விழும். அப்போது மடித்த செய்தித்தாளை இட்டு அமர்வோம். மீண்டும் பின்னுவதற்கு ஆள் வருவார். நாற்காலி பின்னுதல் பார்வையற்றோர் பயிற்சி நிலையங்களில் கற்பிக்கப்பட்ட தொழில். கண்ணில்லாத விரல்கள் தவறாமல் பின்னிய அந்த எண்கோணக் கண்ணிகளின்மேல் கண்ணுள்ள நாங்கள் அமர்ந்து கணக்கில் தவறு தேடினோம். பிறகு ரெக்சின் தைத்த பஞ்சு நாற்காலிகள் வந்தன. பார்வைக்கு மதிப்பாக இருந்தன. சித்திரை, வைகாசியில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

என் மகள் கணிப்பொறி நிறுவனமொன்றில் பணிபுரிகிறாள். 2020-இல் பெருந்தொற்றுக் காலத்தில் வீடே அலுவலகமானபோது, சாப்பாட்டு மேசை அவளுக்குப் பணிமேசையாயிற்று. சாப்பாட்டு நாற்காலியே பணி இருக்கையாயிற்று. அரைமணி நேரம் அமர்ந்து உண்பதற்கென்று செய்யப்பட்ட இருக்கையில் நாளுக்குப் பத்து மணி நேரம் அமர்ந்தாள். ஓராண்டிற்குள் கீழ்முதுகில் வலி கண்டது. “அத்தா, நல்ல நாற்காலி ஒன்று வாங்கிவிடலாமா?” என்று கேட்டு, கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினாள். அதன் விலை ஓர் இலட்சத்துக்கு மேல். எங்கள் வீட்டில் அந்தத் தொகை பேரனின் படிப்புக்கென்று ஒதுக்கி வைத்த தொகை. ஒருபுறம் மகளின் முதுகு. மறுபுறம் பேரனின் படிப்பு. இதனை விளையாட்டாக எண்ணிவிட முடியுமா?

அவள் காட்டியது உலகப் புகழ்பெற்ற ‘ஏரான்’ நாற்காலி. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த ஹெர்மன் மில்லர் நிறுவனம் 1994-இல் வெளியிட்டது. அதனை வடிவமைத்தோர் பில் ஸ்டம்ப், டான் சாட்விக் என்னும் இருவர். அதற்கு முன்பு அவர்கள் முதியோர் நெடுநேரம் அமர்வதற்கான இருக்கை ஒன்றை உருவாக்க முயன்றனர். பஞ்சு மெத்தையில் அசையாமல் அமர்ந்திருக்கும் முதியவர்க்கு வெப்பமும் அழுத்தமும் சேர்ந்து புண் உண்டாகின்றது. அதனைத் தவிர்க்கப் பஞ்சை நீக்கி, இழுத்துக் கட்டிய வலைத்துணியை அவர்கள் நாடினர். முதியோர்க்கான அந்த இருக்கை சந்தைக்கு வரவில்லை. அந்த எண்ணமே பின்னர் அலுவலக நாற்காலியாக உருப்பெற்றது. காற்றுப் புகும் கண்ணிகளின்மேல் அமர்வது என்னும் அந்தப் புதுமை, பிரம்பு நாற்காலியில் அமர்ந்த நமக்குப் பழைய செய்தி. ஆயினும் பிரம்பு நாற்காலிக்கு இல்லாத ஒன்று இதற்கு உண்டு. சட்டையைப்போல இதனைச் சிறிது, நடுத்தரம், பெரிது என்று மூன்று அளவுகளில் செய்தார்கள். நாற்காலிக்கு ஏற்ப மனிதன் வளைவதா, மனிதனுக்கு ஏற்ப நாற்காலி அமைவதா என்னும் வினாவிற்கு அவர்கள் தந்த விடை அது.

அந்த விடையின் பெயர்தான் பணிச்சூழலியல். ஆங்கிலத்தில் எர்கோனாமிக்ஸ் என்பர். கிரேக்கத்தில் ‘எர்கோன்’ என்றால் வேலை. ‘நோமோஸ்’ என்றால் விதி. சொல் பிற்காலத்தது, அதன் பின்னுள்ள கவலை பழையது. இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ரமாசினி 1700-இல் தொழிலாளர் நோய்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதன் 1713-ஆம் ஆண்டு விரிவாக்கப் பதிப்பில் எழுத்தர்களின் துன்பத்திற்கு மூன்று காரணங்கள் கூறினார்: ஓயாமல் அமர்ந்திருத்தல், கையை ஒரே விதமாக இடைவிடாது அசைத்தல், தவறு நேராதிருக்க மனத்தை இறுக்கி வைத்தல். முந்நூறு ஆண்டுகள் கடந்தும் என் மகளின் வேலைக்கு இம்மூன்றும் அப்படியே பொருந்துகின்றன.

விலை மிகுந்த நாற்காலி இவற்றுள் எதனைப் போக்கும்? ஸ்வீடன் நாட்டு மருத்துவர் ஆல்ஃப் நாக்கெம்சன் 1960-களில் முதுகெலும்பின் வட்டுக்குள் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தார். பிடிமானமின்றி அமரும்போது, நிற்கும்போது இருப்பதைவிட அழுத்தம் மிகுகிறது என்று கண்டார். முதுகுத் தாங்கியில் சாயும்போது அழுத்தம் குறைவதையும் அவர் ஆய்வுகள் காட்டின. நாற்காலி விற்போர்க்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமா? ஆனால் 1999-இல் ஜெர்மனியில் வில்கெ என்பாரும் அவர் குழுவினரும், ஒரே ஒரு தன்னார்வலரின் முதுகில் அளவுகருவி பொருத்தி அளந்தபோது, தளர்ந்து அமர்ந்த நிலையில் அழுத்தம் நிற்கும்போது உள்ளதைவிட மிகுந்ததாகக் காணப்படவில்லை. சாய்ந்தமர்தல் நன்று என்பதில் பிணக்கு இல்லை. ‘நிமிர்ந்தே அமர்க’ என்னும் பள்ளிக்கூடக் கட்டளைக்குத்தான் பழைய உறுதி இல்லை.

உறுதியான வேறொரு செய்தியும் உண்டு. ஜெர்ரி மாரிஸ் என்னும் மருத்துவ அறிஞர் 1953-இல் இலண்டன் மாநகரப் பேருந்துப் பணியாளரைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார். ஓட்டுநர் நாள் முழுதும் அமர்ந்திருப்பவர். நடத்துநர் இரண்டடுக்குப் பேருந்தின் படிகளில் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பவர். நடத்துநரைவிட ஓட்டுநரிடையே இதயநோய் மிகுதி என்று அவர் கண்டார். பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் தரவுகளைத் தொகுத்து 2016-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்த ஆய்வு, நாள்தோறும் 60 முதல் 75 நிமிடம் மிதமான உடலுழைப்பு உடையோர்க்கு, நெடுநேரம் அமர்வதால் கூடும் இறப்பு அபாயம் நீங்குவதாகக் கூறியது. எந்த நாற்காலியும் நமக்காக நடக்காது. எவ்வளவு விலை கொடுத்தாலும் எழுந்திருக்கும் கடமையிலிருந்து அது நம்மை விடுவிக்காது.

இவற்றையெல்லாம் மனத்திற்கொண்டு மகளை அழைத்துக்கொண்டு நகரிலுள்ள பெரிய அறைகலன் கடை ஒன்றிற்குச் சென்றேன். அங்கிருந்த இளம்பெண் ஒருவர் பொறுமையாக எடுத்துரைத்தார். பாதம் முழுதும் தரையில் படியவேண்டும். அதற்கேற்ப உயரம் இறங்கவேண்டும். முழங்காலின் பின்புறத்திற்கும் இருக்கையின் விளிம்பிற்கும் இடையே இரண்டு மூன்று விரல் நுழையவேண்டும். தாங்கியின் புடைப்பு இடுப்பின் வளைவில் வந்து பொருந்தவேண்டும். கைதாங்கி தோளை உயர்த்தாமல் முழங்கையை ஏந்தவேண்டும். பிறகு கணக்கும் சொன்னார். “ஒரு இலட்சத்து இருபதாயிரம் ரூபாய் நாற்காலிக்குப் பன்னிரண்டு ஆண்டு உத்தரவாதம். ஆண்டுக்குப் பத்தாயிரம். ஆண்டில் 250 நாள் வேலை என்றால் நாளுக்கு நாற்பது ரூபாய்தான் சார்!”

கணக்குப் பிழையன்று, நானும் கணக்கன்தான். ஆனால் பன்னீராயிரம் ரூபாய் நாற்காலி மூன்றாண்டு உழைத்தால் நாளுக்குப் பதினாறு ரூபாய் என்பதும் அதே கணக்குத்தான். நாளுக்கு நாற்பது ரூபாய் என்று பிரித்துச் சொன்னாலும் கொடுக்கும்போது மொத்தமாகத்தான் கொடுக்கவேண்டும். மாதம் பதினையாயிரம் ஊதியம் பெறுபவர்க்கு அது எட்டு மாத உழைப்பு. மேலும், மகள் உயரம் குறைந்தவள். கடையிலிருந்த விலை உயர்ந்த நாற்காலிகளுள் ஒன்றில் அவள் அமர்ந்தபோது, எவ்வளவு இறக்கியும் குதிகால் தரையைத் தொடவில்லை. இடைப்பட்ட விலையிலிருந்த மற்றொன்றில் அவள் அரைமணி நேரம் அமர்ந்தாள், அது பொருந்திற்று. பதினான்காயிரம் ரூபாய்க்கு அதனை வாங்கினோம். மடிக்கணினியை நான்கு தடித்த நூல்களின்மேல் உயர்த்தி வைத்து, தனி விசைப்பலகை ஒன்றை இணைத்தோம். மணிக்கொரு முறை எழுந்து மாடிப்படி ஏறி இறங்குவது என்று அவளே விதி வகுத்துக்கொண்டாள். வலி முற்றும் நீங்கிற்று என்று கூறமாட்டேன், இரவில் உறங்கமுடிகிறது. பேரனின் படிப்புத் தொகையும் இருக்கிறது.

எனவே முதல் வினாவிற்கு என் விடை இது. நாளில் எட்டு மணி நேரம் அமர்ந்து உழைப்பவர்க்கு உயரமும் தாங்கியும் மாற்றத்தக்க நல்ல நாற்காலி ஆடம்பரமன்று, கருவி. உழவர்க்குக் கலப்பை எப்படியோ, தையற்காரர்க்குக் கத்தரி எப்படியோ அப்படி. ஆனால் அந்தப் பயனின் பெரும்பகுதி பொருத்தத்தில் இருக்கிறது, விலையில் இல்லை. ஓர் எல்லைக்குமேல் நாம் கொடுக்கும் பணம் நெடுநாள் உழைப்பிற்கும், அழகிற்கும், பெயருக்குமாகச் செல்கிறது. நெடுநாள் உழைப்பதற்குக் கொடுப்பதில் குறையில்லை, கொடுக்க இயலுமானால்.

ஆனால் அந்தக் கடையில் என் மனத்தைத் தைத்தது வேறு. நாற்காலிகளின் நடுவே ஒரு மணி நேரத்திற்கும் மேலாக எங்களுக்கு அமரும் கலையைக் கற்பித்த அந்தப் பெண் ஒருமுறைகூட அமரவில்லை. “நீங்களும் உட்காருங்களம்மா” என்றேன். அவர் மேலாளர் இருந்த பக்கம் பார்த்துவிட்டு, “பரவாயில்லை சார்” என்று புன்னகைத்தார். காலை பத்து மணி முதல் இரவு ஒன்பது வரை நிற்பதாக மகளிடம் மெல்லச் சொன்னாராம். அறுபது நாற்காலிகளேனும் அங்கே இருந்தன. அவருக்கென்று ஒன்று இல்லை.

இது அவர் ஒருவரின் துன்பமன்று. துணிக்கடையிலும் நகைக்கடையிலும் நின்றே காலந்தள்ளும் ஆயிரமாயிரம் பெண்களின் துன்பம். கோழிக்கோட்டில் விஜி முதலிய பெண்கள் ‘பெண்கூட்டு’ என்னும் அமைப்பாகத் திரண்டு, கடைப் பணிப்பெண்களுக்குக் கழிப்பறையும் இருக்கையும் வேண்டிப் போராடினர். அதன் பயனாகக் கேரளம் 2018-இல் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாட்டிலும் 1947-ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் ஒரு பிரிவு சேர்க்கப்பட்டது. பணியாளர் அனைவர்க்கும் தக்க இருக்கை அமைத்துத் தரவேண்டும். பணியினிடையே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் அமர்ந்துகொள்ளலாம் என்பது அதன் சாரம். சட்டம் இருக்கையைக் கடைக்குள் கொண்டுவரலாம். அதில் அமர்வதற்கு அஞ்சாத நிலையைக் கடை உரிமையாளர்தாம் தரவேண்டும். நூறு ரூபாய்க்கு வாங்கும் முக்காலியும் அங்கே ஓர் இலட்சத்தின் பயனைத் தரும்.

இம்மலரைக் கையில் ஏந்தியிருப்போருள் கடை நடத்துவோர் உண்டு. அலுவலகத் தலைவர்கள் உண்டு. நாளை அப்பொறுப்புகளை ஏற்கவிருக்கும் மாணவச் செல்வங்கள் உண்டு. நம் நிறுவனங்களில் நாற்காலி பெரும்பாலும் பதவியைப் பார்த்து வழங்கப்படுகிறது. நாளில் பாதியைக் கூட்டங்களிலும் வெளிப்பணியிலும் கழிக்கும் தலைவர்க்குத் தோலுறை போட்ட சுழல் நாற்காலி. எட்டு மணி நேரம் எழாமல் தட்டச்சு செய்பவர்க்குக் கைப்பிடி உடைந்த பழைய நாற்காலி. வாயிலில் காவல் நிற்பவர்க்கு ஒன்றுமில்லை. இந்த வரிசையை மாற்றுவதற்குப் பெருஞ்செல்வம் வேண்டியதில்லை. அடுத்தமுறை நாற்காலி வாங்கும்போது, யார் பெரியவர் என்று கேட்பதை விடுத்து, யார் நெடுநேரம் அமர்கிறார், யார் அமரவே இயலாமல் நிற்கிறார் என்று கேளுங்கள். வாங்குமுன் அதில் அமரப்போகிறவரையே கடைக்கு அழைத்துச் செல்லுங்கள். அரைமணி நேரம் அமரச் சொல்லுங்கள். உங்களுக்கு அங்கே பொருளைக் காட்டுபவரையும் அமரச் சொல்லுங்கள்.