காரணம் கேட்போம்

எம் இல்லத்துக் குளிர்சாதனப் பெட்டியின் உறை அறையில் இரண்டு விரற்கடைப் பனி இறுகிக் கிடந்தது. பொறுமையிழந்த யாம் சமையற்கத்தியால் அதனைக் குத்தத் தொடங்கினோம். "கத்தி குழாயைத் துளைத்தால் வாயு வெளியேறிவிடுமே!" என்று எம் துணைவியார் ஓடிவந்து தடுத்தார்.

மின்சாரத்தை நிறுத்திக் கதவைத் திறந்து வைத்தோம். பனி தானே உருகிற்று. ஆயினும் ஒரே வாரத்தில் மீண்டும் படர்ந்தது. அதன் பின்னரே காரணத்தை ஆராய்ந்தோம். கதவிடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பார்த்தோம். கீழ் மூலையில் மட்டும் தாள் தடையின்றி வந்தது. அங்கே ரப்பர் பட்டை வெடித்திருந்தது. அவ்வழியே புகுந்த ஈரக்காற்றே உள்ளே பனியாக உறைந்துள்ளது. நம் நாட்டுக் காற்றில் ஈரம் மிகுதியன்றோ! புதிய பட்டை பொருத்தியதும் தொல்லை தீர்ந்தது.

அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை. நாள்தோறும் காலந்தாழ்ந்து வந்த மாணவன் ஒருவனை, காரணம் கேளாமலே வெயிலில் நிறுத்தியிருந்தோம். மறுநாள் அருகழைத்து வினவினோம். பெற்றோர் விடியுமுன் பால்மரம் வெட்டச் சென்றபின், தம்பி தங்கையரைக் குளிப்பாட்டி, பசியாற்றி அழைத்து வருபவன் அவனே! அவனிடம் எம் வருத்தத்தைத் தெரிவித்தோம்.

பெற்றோர்களே, மாணவச் செல்வங்களே! குறை கண்டவிடத்துக் கையை ஓங்குமுன் காரணத்தை வினவுவோமாக.